ரெடிமேட் மார்க்கெட்டிங் பிளான் டெம்ப்ளேட்: எந்தக் கட்டம் உதவும், எது கவிழ்க்கும்

மார்க்கெட்டிங் பிளான் டெம்ப்ளேட் என்று தேடினால் எக்செல், கூகுள் ஷீட்ஸ், கேன்வா, நோஷன் என்று எல்லா வடிவத்திலும் வந்து கொட்டுகிறது. பல இலவசம். சில, மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால்தான் திறக்கும். சில காசு கேட்கும். திறந்து பார்த்தால் முக்கால்வாசிக்கும் உள்ளே ஒரே சரக்குதான்: ஒரு பக்கச் சுருக்கம், ஸ்வாட் கட்டம் (பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்), வாடிக்கையாளர் சித்திரம், இலக்குகள், 4பி (பொருள், விலை, இடம், விளம்பரம்), பட்ஜெட், பன்னிரண்டு மாதக் காலண்டர். அதனால் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் டெம்ப்ளேட்டை எடுத்துக்கொள்ளாமல், இந்த வகைச் சரக்கையே இங்கே பிரித்துப் பார்க்கிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கேட்க வேண்டிய கேள்விகளை மறக்காமல் கேட்க வைப்பதற்கு இவை நல்ல சாதனம். ஆனால் அந்தத் திட்டம் காசு தேறுமா என்று சொல்லும் கணக்குக்கு இவற்றில் இடமே இல்லை. கட்டங்களை எல்லாம் நிரப்பி, வண்ணம் தீட்டி, அழகாக அச்சடித்த பிறகும் நஷ்டத்துக்கே திட்டம் போட்டிருக்கலாம். டெம்ப்ளேட் ஒரு வார்த்தை எச்சரிக்காது. அந்தக் கணக்குக்கு ஒரு ஷீட்டை நாமே சேர்த்துக்கொண்டால் இலவச டெம்ப்ளேட்டே போதும்.

ஸ்வாட் கட்டம்

பெரும்பாலான டெம்ப்ளேட்டில் சுருக்கத்துக்கு அடுத்து வருவது இது. பலம், பலவீனம் இரண்டும் தொழிலுக்கு உள்ளே இருப்பவை. வாய்ப்பு, அச்சுறுத்தல் இரண்டும் வெளியே இருப்பவை. நிரப்புகிறவர்கள் இங்கேதான் முதலில் தடுமாறுகிறார்கள். 'விலையைக் குறைக்கலாம்', 'இன்ஸ்டாகிராமில் இறங்கலாம்' என்று வாய்ப்புக் கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். இவை செய்ய நினைக்கும் வேலைகள், வாய்ப்புகள் அல்ல. பிரிப்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: நம் தொழில் நாளைக்கே இல்லாமல் போனாலும் இந்த விஷயம் அப்படியே இருக்குமா? இருக்கும் என்றால் அது வெளியே இருப்பது. போட்டியாளர் ஒருவர் டெலிவரியை நிறுத்திவிட்டார் என்பது வாய்ப்பு. நம்மிடம் சும்மா நிற்கும் வண்டி ஒன்று இருக்கிறது என்பது பலம்.

டெம்ப்ளேட் நான்கு கட்டத்தோடு நின்றுவிடும். வேலை ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான். மேலாண்மைப் பேராசிரியர் ஹைன்ஸ் வைரிச் 1982-ல் முன்வைத்த டோஸ் (TOWS) முறையில் இந்த நான்கையும் ஒன்றோடொன்று குறுக்கே வைத்துப் பார்ப்பார்கள்: எந்தப் பலத்தை வைத்து எந்த வாய்ப்பைப் பிடிப்பது, எந்தப் பலவீனம் எந்த அச்சுறுத்தலோடு சேர்ந்தால் ஆளையே சாய்க்கும். சும்மா நிற்கும் வண்டியும் போட்டியாளர் நிறுத்திய டெலிவரியும் அங்கே சந்திக்கும்போதுதான் 'இந்தக் காலாண்டில் டெலிவரியை முன்வைத்து விளம்பரம்' என்ற முடிவு பிறக்கிறது. ஸ்வாட் ஷீட்டுக்குக் கீழே நான்கு வரிசை கூடுதலாகச் சேர்த்து இதை எழுதுங்கள். அப்படி ஒரு முடிவும் கிடைக்கவில்லை என்றால் மேலே எழுதிய ஸ்வாட் வெறும் அலங்காரம்.

வாடிக்கையாளர் சித்திரம்

டெம்ப்ளேட்டுகளில் மிக அழகாக இருப்பது இந்தப் பக்கம். மிகக் குறைவாக உதவுவதும் இதுதான். ஒரு புகைப்படம், கற்பனைப் பெயர், வயது, வேலை, பொழுதுபோக்கு. வயதும் பொழுதுபோக்கும் ஒன்றாக இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் வாங்குகிறார், இன்னொருவர் வாங்குவதில்லை. ஏன் என்று இந்தப் பக்கம் சொல்வதில்லை.

இதில் உள்ள வரிசைகளை அழித்துவிட்டு ஐந்தே கேள்விகளை வையுங்கள். தேட ஆரம்பிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது? அதுவரை எதை வைத்துச் சமாளித்தார்? முடிவெடுப்பதில் வேறு யாருக்குப் பங்கு? கடைசி நேரத்தில் எது தயங்க வைத்தது? எங்கே தேடினார், யாரிடம் கேட்டார்? பதிலை நாமாக ஊகித்து எழுதக் கூடாது. கடைசியாக வாங்கிய பத்துப் பேரிடமும், விசாரித்துவிட்டு வாங்காமல் போன ஐந்து பேரிடமும் பேச வேண்டும். வாங்காமல் போனவர்களின் பதிலுக்குத்தான் மதிப்பு அதிகம். அதை யாரும் போய்க் கேட்பதில்லை. அவர்கள் சொன்ன சொற்களை மெருகேற்றாமல் அப்படியே குறித்து வையுங்கள். பின்னால் விளம்பர வாசகம் எழுதும்போது அந்தச் சொற்களே கைகொடுக்கும்.

நிறுவனங்களுக்கு விற்பவர்கள் ஒரே சித்திரத்தோடு நிறுத்த முடியாது. பொருளைப் பயன்படுத்துபவர் ஒருவர், பணம் ஒதுக்குபவர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். மூவருக்கும் கவலை வேறு வேறு. பயன்படுத்துபவருக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்தால் 'ரொம்ப நல்லா இருக்கு, மேலே கேட்டுட்டுச் சொல்றேன்' என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

சந்தை அளவு

சில டெம்ப்ளேட்டில் இதற்கு ஒரே ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதப்படும் வழக்கமான வாக்கியம்: 'மொத்தச் சந்தையில் 1 சதவீதம் பிடித்தாலே போதும்.' அந்த 1 சதவீதத்தை எப்படிப் பிடிப்பது என்று எங்கேயும் இருக்காது. மேலிருந்து கீழே வராமல், கீழிருந்து மேலே எண்ணுங்கள்: நம் கைக்கு எட்டும் இடத்தில், இந்தத் தேவை உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்கள் வருடத்துக்கு எத்தனை முறை வாங்குவார்கள்.

இதற்குக் கூகுளின் இரண்டு கருவிகள் உதவும். இரண்டையும் தப்பாகப் படிப்பவர்கள் அதிகம் என்பதால் ஒரு வார்த்தை. கூகுள் டிரெண்ட்ஸ் காட்டும் 0 முதல் 100 வரையிலான எண், தேடல்களின் எண்ணிக்கை அல்ல. தேர்ந்தெடுத்த காலத்தில் உச்சமாக இருந்த புள்ளியை 100 என்று வைத்து மற்றவற்றை அதற்கு ஒப்பிட்டுச் சொல்வது. 2004 முதலான தரவு அதில் இருப்பதால் எந்த மாதத்தில் தேவை ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று பார்ப்பதற்கு அருமையானது. கீவேர்ட் பிளானர் எண்ணிக்கையைத் தரும். ஆனால் விளம்பரத்துக்குப் பெரிதாகச் செலவு செய்யாத கணக்குகளுக்கு 1000 முதல் 10,000 வரை என்பதுபோல் அகலமான வரம்பாகவே தரும். அதில் வரும் 'போட்டி' என்ற நெடுவரிசை, விளம்பரதாரர்களுக்குள் உள்ள போட்டியைக் குறிப்பது. சாதாரணத் தேடல் முடிவில் முதல் பக்கத்துக்கு வருவது எவ்வளவு கடினம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இலக்கு

'ஸ்மார்ட்' இலக்கு (நல்ல இலக்குக்கு ஐந்து நிபந்தனை சொல்லும் முறை) என்று ஒரு பக்கம் நிச்சயம் இருக்கும். ஜார்ஜ் டோரன் 1981-ல் இதை எழுதியபோது ஐந்து நிபந்தனைகளில் ஒன்று, அந்த வேலை யார் பொறுப்பு என்பது. இன்று புழங்கும் பெரும்பாலான டெம்ப்ளேட்டுகளில் அது காணாமல் போய், 'எட்டக்கூடியது' என்ற நிபந்தனை அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 'நடக்கக்கூடியது' என்று இன்னொரு நிபந்தனை ஏற்கெனவே இருப்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே கேட்கின்றன. பொறுப்பாளர் பெயருக்கு ஒரு நெடுவரிசையை நீங்களே சேர்த்துவிடுங்கள். 'டீம்' என்று எழுதாதீர்கள். எல்லாருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் இல்லை.

டெம்ப்ளேட்டில் இல்லாத ஷீட்

இனி முக்கியமான சமாசாரம். இலக்கிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடும் ஷீட் ஒன்று வேண்டும். நாங்கள் பார்த்த வகையில் இது பெரும்பாலும் இருப்பதில்லை. எட்டே வரிசை போதும்.

ஒரு காலாண்டில் 60 புது வாடிக்கையாளர்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விசாரிக்கும் ஐந்து பேரில் ஒருவர் வாங்குகிறார் என்றால் 300 விசாரணை வேண்டும். நம் இணையதளத்துக்கு வரும் 100 பேரில் 3 பேர் விசாரிக்கிறார்கள் என்றால் 10,000 பேர் வர வேண்டும். ஒரு கிளிக்குக்கு 12 செலவு என்றால் விளம்பரத்துக்கு 1,20,000. அதை 60-ஆல் வகுத்தால் ஒரு புது வாடிக்கையாளரைக் கொண்டுவர 2000.

இப்போது வரவுப் பக்கம். விற்பனை விலை 1000, நேரடி அடக்கம் 600, கையில் நிற்பது 400. ஒருவர் சராசரியாக வருடத்துக்கு மூன்று முறை வாங்கினால் 1200. ஆக, 2000 செலவழித்து 1200 சம்பாதிக்கும் திட்டம் இது. 60 பேர் வந்தால் 48,000 நஷ்டம். இலக்கை எட்டிவிட்டோம் என்று கைதட்டிக்கொண்டிருக்கும்போதே இந்தப் பணம் போய்க்கொண்டிருக்கும்.

கணக்கு ஷீட்டில் இருந்தால் எதைத் திருகினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். தளத்தில் உள்ள படிவத்தைச் சுருக்கி, விலையை வெளிப்படையாகப் போட்டு, விசாரணை விகிதத்தை 3-லிருந்து 5 சதவீதமாக்கினால் 6000 கிளிக் போதும், செலவு 72,000, ஒருவருக்கு 1200. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதோடு, விசாரணைக்கு உடனே பதில் சொல்லி ஐந்தில் ஒன்றை நான்கில் ஒன்றாக்கினால் 240 விசாரணை, 4800 கிளிக், 57,600 செலவு, ஒருவருக்கு 960. இப்போதுதான் ஆளுக்கு 240 நிற்கிறது. கவனியுங்கள்: விளம்பரத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. மாற்றியது படிவத்தையும் பதில் சொல்லும் வேகத்தையும்தான். டெம்ப்ளேட்டின் 'சேனல்' பக்கத்தை மட்டும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது.

லாபம் வந்தாலும் பணம் எப்போது திரும்பும் என்பது தனிக் கேள்வி. 960 செலவில் வந்தவர் முதல் முறை வாங்கும்போது 400 திரும்பும். இன்னும் 560 வெளியே. நான்கு மாதம் கழித்து இரண்டாம் முறை. இன்னும் 160 பாக்கி. எட்டாம் மாதம் மூன்றாவது முறை வாங்கும்போதுதான் கணக்கு நேராகி 240 மிஞ்சும். 60 பேருக்கு, முதல் நான்கு மாதம் 33,600 முடங்கிக் கிடக்கும். அந்தப் பணம் கைவசம் இல்லாதவர், இதே லாபகரமான திட்டத்தைப் போட்டுக்கூட நடுவில் மூச்சுத் திணறிப் போவார். ஒருமுறை வாங்கியவரை மறுபடி வர வைப்பதற்கு டெம்ப்ளேட்டில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. மூன்று முறை நான்கு முறையானால் 1200 என்பது 1600 ஆகும்; அதற்கு மறுபடி கிளிக் வாங்க வேண்டியதில்லை.

4பி பக்கம்

ஜெரோம் மெக்கார்த்தி 1960-ல் வகுத்த பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நான்கும் இன்னும் ஓடுகின்றன. 1981-ல் பூம்ஸும் பிட்னரும் சேவைத் தொழில்களுக்காக ஆட்கள், செயல்முறை, கண்ணுக்குத் தெரியும் சான்று என்ற மூன்றைச் சேர்த்தார்கள். சேவை விற்பவர்கள் ஏழும் உள்ள டெம்ப்ளேட்டைத் தேடுங்கள். நான்கு மட்டும் உள்ளது அவர்களுக்குப் பத்தாது. மேலே பதில் சொல்லும் வேகம் என்று பார்த்தோமே, அது 'செயல்முறை' கட்டத்தில் வர வேண்டியது.

விலைக் கட்டத்தில் ஒரு எச்சரிக்கை. 'அறிமுகச் சலுகை 10 சதவீதம்' என்று எழுதுவதற்கு முன் அதே ஷீட்டுக்குப் போய் வாருங்கள். 1000 என்பது 900 ஆகிறது. அடக்கம் அதே 600. கையில் நின்ற 400 இப்போது 300. முன்பு 100 விற்றுக் கிடைத்த லாபம் கிடைக்க, 134 விற்க வேண்டும். பத்து சதவீதச் சலுகை, விற்பனையை மூன்றில் ஒரு பங்கு கூட்டினால்தான் பழைய இடத்தில் நிற்க வைக்கிறது.

பட்ஜெட் பக்கம்

வட்ட வரைபடம் தானாக வரைந்து கொள்ளும். பார்க்க நன்றாக இருக்கும். பல டெம்ப்ளேட்டுகள் விற்பனையில் இத்தனை சதவீதம் என்று ஒரு சூத்திரத்தை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும். அதை அழித்துவிட்டு, மேலே போட்ட கணக்கில் வந்த தொகையை வையுங்கள். வீடியோ, புகைப்படச் செலவு, மென்பொருள் சந்தா, வேலை செய்யும் ஆளின் நேரம், வரி ஆகியவற்றுக்கு வரிசை இருக்கிறதா என்றும் பாருங்கள். கிளிக் செலவை மட்டும் பட்ஜெட் என்று எழுதுவது வாடிக்கையாகிவிட்டது.

விளம்பரத் தளங்களின் நடைமுறையும் இந்தப் பக்கத்துக்குத் தெரியாது. கூகுள் ஆட்ஸ், நாள் பட்ஜெட்டாகக் கொடுத்த தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை ஒரே நாளில் செலவு செய்யலாம். மாதம் முழுக்க ஓடும் விளம்பரத்தில், நாள் தொகையை 30.4-ஆல் பெருக்கினால் வருவதைத் தாண்டி வசூலிக்காது. ஒரு நாள் கணக்கைப் பார்த்துப் பதற வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறோம். மெட்டாவின் (பேஸ்புக், இன்ஸ்டாகிராம்) விளம்பரங்கள், யாருக்குக் காட்டுவது என்று கற்றுக்கொள்ளும் கட்டத்தைத் தாண்ட, ஒரு ஆட் செட்டுக்கு (ஒரே வகை ஆட்களுக்குக் காட்டும் விளம்பரத் தொகுப்புக்கு) வாரத்துக்குச் சுமார் 50 விளைவுகள், அதாவது விசாரணை போன்ற நாம் கேட்ட செயல்கள், தேவை. நம் உதாரணத்தில் 12 செலவில் கிளிக், நூற்றுக்கு மூன்று விசாரணை என்றால் ஒரு விசாரணைக்கு 400, 50-க்கு 20,000. காலாண்டு பட்ஜெட் 1,20,000-ஐ 13 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 9,230 சொச்சம். ஒரு ஆட் செட்டுக்கே காணாது. இந்த லட்சணத்தில் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, வயதுவாரியாக இரண்டு என்று நான்காகப் பிரித்தால் நான்குமே அரைகுறையாகத் தடவிக்கொண்டிருக்கும். பணம் குறைவு என்றால் ஒரே ஆட் செட்டில் குவியுங்கள்; அல்லது, விசாரணைக்கு ஒரு படி முன்னால் உள்ள, அடிக்கடி நடக்கும் ஒரு செயலை இலக்காகக் கொடுங்கள். இரண்டாவது வழியில் தரம் குறையலாம், கவனம்.

காலண்டரும் அளவீடும்

பன்னிரண்டு மாதத்தையும் நிரப்பாதீர்கள். முதல் 90 நாளை வாரவாரியாக எழுதுங்கள். மீதிக்கு மாதம் ஒரு வரி போதும். எட்டாம் மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை என்ன பதிவு போடுவது என்று இப்போதே எழுதுவது நேர விரயம்.

காலண்டரில் கட்டாயம் இருக்க வேண்டியது, நிறுத்தும் நிபந்தனை. எவ்வளவு செலவான பிறகு, எந்த எண்ணைப் பார்த்து, எப்போது நிறுத்துவோம் என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். அவசரப்பட்டு நிறுத்துவதும் தவறுதான். நூற்றுக்கு மூன்று என்பது உண்மையான விகிதமாக இருந்தாலும், முதல் 50 கிளிக்கில் ஒரு விசாரணைகூட வராமல் போகச் சுமார் 22 சதவீத வாய்ப்பு உண்டு. 100 கிளிக்கில் அது 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 50 கிளிக்கோடு 'இது சரிப்படாது' என்று மூடுவது நியாயமில்லை. 100 தாண்டியும் ஒன்றும் வரவில்லை என்றால் சந்தேகப்படலாம்.

அளவீட்டுப் பக்கத்தில் லைக், ஃபாலோயர், ரீச் என்று கட்டங்கள் நிறைந்திருக்கும். அவற்றை ஓரமாக ஒதுக்கி, விசாரணைச் செலவு, வாடிக்கையாளர் செலவு, மறுபடி வாங்கியவர் எண்ணிக்கை என்று மூன்றை மேலே ஏற்றுங்கள். இணைப்புகளில் யூடிஎம் குறிச்சொல் (வருபவர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் சொல்) போடும்போது எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் போடுவது என்று ஒரு விதி வையுங்கள். பெரிய எழுத்தில் ஆரம்பித்த பேஸ்புக்கும் சிறிய எழுத்தில் ஆரம்பித்த பேஸ்புக்கும் அறிக்கையில் இரண்டு தனி வரியாக வந்து நிற்கும். தளத்துக்கு வருபவர்களை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-ல் பயனர் அளவிலான தரவை வைத்திருக்கும் காலம் இயல்பாக 2 மாதம். அமைப்பில் போய் 14 மாதமாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் போன வருடத்தோடு ஒப்பிட எக்ஸ்ப்ளோரேஷன் அறிக்கையைத் திறக்கும்போது அது காலியாக இருக்கும். தொலைபேசியிலும் நேரிலும் வருபவர்களை இந்தக் கருவி தானாகப் பிடிக்காது. 'எங்களைப் பற்றி எப்படித் தெரிஞ்சுது?' என்று வாய்விட்டுக் கேட்டுக் குறித்து வைப்பதே எளிய வழி.

காசு கொடுத்து வாங்கலாமா?

கட்டண டெம்ப்ளேட்டுகளில் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் வடிவமைப்பும் பக்க எண்ணிக்கையும். அறுபது பக்கம் உள்ளதை விட ஏழு ஷீட் உள்ளதே மேல். மேலே போட்ட பின்னோக்கிய கணக்கு சூத்திரத்தோடு உள்ளே இருந்தால் மட்டும் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்; வாங்குமுன் மாதிரிப் படத்தில் அந்த ஷீட்டைக் காட்டுகிறார்களா என்று பாருங்கள்.

தொழிலைப் பற்றி இரண்டு வரி கொடுத்தால் ஏஐ-யே எல்லாக் கட்டத்தையும் நிரப்பித் தரும் வகையும் இப்போது வருகிறது. வெற்றுத்தாளைப் பார்த்துத் திகைப்பவர்களுக்கு ஆரம்பிக்க உதவும், அவ்வளவே. அது எழுதித் தந்த ஒவ்வொரு வாக்கியத்திலும் உங்கள் தொழிலின் பெயரை எடுத்துவிட்டு, போட்டியாளரின் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் பொருந்துகிறதென்றால் அந்த வாக்கியத்தை நீக்கிவிடலாம்.

வடிவத்தைப் பொறுத்தவரை ஷீட் வடிவத்தையே எடுங்கள். கேன்வா, பவர்பாயின்ட், பிடிஎஃப் வடிவங்கள் மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு நல்லவை. ஆனால் அவற்றில் ஒரு எண்ணை மாற்றினால் மற்றவை தானாக மாறாது. 3 சதவீதம் 2 ஆனால் என்ன ஆகும் என்று கேட்டவுடன் பதில் கிடைக்க வேண்டும். பலர் கைபடும் ஷீட் என்றால் சூத்திரம் உள்ள கட்டங்களைப் பூட்டி, ஊகித்துப் போட்ட எண்களை வேறு நிறத்தில் வையுங்கள். ஆரம்பத்தில் முக்கால்வாசி எண்கள் அந்த நிறத்தில்தான் இருக்கும். வாரா வாரம் உண்மையான எண் வர வர நிறத்தை மாற்றிக்கொண்டே வாருங்கள். மூன்று மாதம் கழித்தும் நிறம் மாறாமல் இருக்கும் கட்டம் எதுவோ, அதை யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம்.